எண்ணாமல் விட்ட புள்ளிகள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சௌக்கியம் என்று எடுத்துக்கொள்கிறேன். உன் முதுகுவலி மட்டும் சௌக்கியமாக இல்லாமல் ஒழியட்டும். இங்கே நாங்கள் மூவரும் நலம். போன வருடம்வரை இந்த இடத்தில் ‘இருவரும்’ என்று எழுதிவந்தேன். கடிதமே அதைப் பற்றித்தான். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த வீட்டில் கூடத்தில் பேசினால் சமையலறைக்குக் கேட்கும், சமையலறையில் பேசினால் கீழ்வீட்டுத் தையல்காரம்மா மறுநாள் பதில் சொல்வார்.

முதலில் உன்மேல் உள்ள குற்றச்சாட்டைச் சொல்லிவிடுகிறேன். நீ வெளியூர் போய் வந்தபோது, “அக்கா, மூளைக்கு வேலை குடுக்கிற ஆட்டம், அத்தானோட ஆடு” என்று ஒரு மரப்பலகையைத் தந்தாயே, வரிசையாகத் துளை போட்டு, நாலு குச்சியோடு? கிரிபேஜ். ஆளுக்கு ஆறு சீட்டு. அதில் இரண்டைக் குவியலில் போட்டுவிட வேண்டும், குவியல் ஒரு தடவை உனக்கு, மறு தடவை எதிராளிக்கு. கூட்டினால் பதினைந்து வரும் சீட்டுகளுக்கு இரண்டு புள்ளி, ஜோடிக்கு இரண்டு, இப்படி எண்ணி எண்ணிக் குச்சியை நகர்த்தி நூற்றிருபத்தொன்றை முதலில் தொட்டவர் ஜெயித்தார். தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் இருபத்துநாலு வருடமாக எதையும் மூன்று முறை அளந்தே நம்புகிறவள் நான். எனக்குப் பிடித்துப்போனது. உன் அத்தானுக்குத்தான் கற்றுக்கொடுக்க முடியவில்லை. டிரைவிங் ஸ்கூலில் பாடம் எடுத்து எடுத்து, நான் தப்பான சீட்டை எடுக்கப்போனால் மேசைக்கு அடியில் அவர் வலது கால் பிரேக்கைத் தேடுகிறது. என் குவியலுக்கு நல்ல நல்ல சீட்டாகப் போடுகிறார். “எதிராளிக்கு யாராவது இப்படித் தூக்கிக் குடுப்பாங்களா?” என்றால், “நமக்குள்ள என்னம்மா எதிராளி” என்கிறார். இப்படிப்பட்டவரோடு எந்த ஆட்டத்தை ஆடுவது?

அந்த நேரத்தில்தான் என் நாத்தனார் வந்தார். உனக்குத் தெரியும், நான் அண்ணி என்று கூப்பிடும் அத்தானின் அக்கா, அச்சகத்தில் நாற்பது வருடம் புரூப் பார்த்தவர். குடியிருந்த வீட்டை உரிமையாளர் இடிக்கப்போகிறார், வேறு இடம் கிடைக்கும்வரை இரண்டு வாரம் இருக்கிறேன் என்று ஒரு பெட்டியும் ஒரு சிவப்புப் பேனாவுமாக வந்தார். எட்டு மாதம் ஆகிறது. லிஃப்டில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைத் திருத்தினார். என் இருமல் மருந்துத் தாளைத் திருத்தினார். சும்மா இருக்கிறாரே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பலகையை எடுத்துவைத்து நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அதில் ஒரு விதி இருக்கிறது: உன் கையில் உள்ள புள்ளியை நீ எண்ணாமல் விட்டால், எதிராளி அதைச் சொல்லித் தனக்கு எடுத்துக்கொள்ளலாம். விட்டதைக் கண்டுபிடிப்பதையே வேலையாகச் செய்தவரிடம் அந்த விதியைச் சொன்னது என் வாழ்நாளின் பெரிய கவனக்குறைவு.

தையல்காரம்மா ஒருநாள் கழுத்தில் டேப்போடு ஆட வந்தார். கையில் ஒரு ஏழு, இரண்டு எட்டு. “ஏழும் எட்டும் பதினஞ்சு, எனக்கு ரெண்டு” என்று குச்சியை நகர்த்தினார். அண்ணி கண்ணாடியைக்கூடச் சரிசெய்யவில்லை.

“இன்னொரு எட்டு இருக்கே, அதோட ஒரு பதினஞ்சு. ரெண்டு எட்டும் ஜோடி. நாலு எனக்கு.”

“என்னக்கா இது? என் கைச்சீட்டுக்கு உங்களுக்கு மார்க்கா?”

“நீ விட்டே, நான் எடுத்தேன்.”

“அப்ப நான் ஜாக்கெட்டுக்குப் பட்டன் வைக்க மறந்தா, அதையும் எடுத்துக்குவீங்களா?”

“வைக்காத பட்டனை எங்கேருந்து எடுக்கிறது? யோசிச்சுப் பேசும்மா.”

பத்து நாள் மாடிப்படி ஏறவில்லை அந்தம்மா. பிறகு, தொலைந்துபோன எங்கள் குச்சி இரண்டுக்குப் பதிலாகத் தலையில் மணி வைத்த குண்டூசி இரண்டு கொண்டுவந்து சமாதானமானார். நானும் தோற்றேன், தினமும். எங்கள் பேச்சே மாறிவிட்டது. இந்த ஆட்டத்தில் ஒரு கையில் பத்தொன்பது புள்ளி மட்டும் எப்படியும் வராது. அதனால் கையில் ஒன்றுமே இல்லாதவர் ‘பத்தொன்பது’ என்பார். இப்போது அத்தான் குளிர்ப்பெட்டியைத் திறந்து, “பால் பத்தொன்பது” என்கிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஊர்ப் பெண்கள் இல்லத்தில் அறை பார்த்துச் சொல்லும்படி அண்ணிதான் உன்னிடம் கேட்டார். நீயும் பார்த்து, மாதக் கடைசிவரை அறையை நிறுத்திவைப்பார்கள், முடிவைச் சொல்லுங்கள் என்று எழுதினாய். அந்தக் கடிதம் வந்த செவ்வாய்க்கிழமை நாங்கள் ஓர் ஆட்டத்தின் நடுவில் இருந்தோம். அண்ணி படித்து, ஒரு காற்புள்ளி போட்டு, மடித்துவைத்தார். “இந்த ஆட்டம் முடியட்டும், பெட்டி கட்டிடறேன்” என்றார். நான் சீட்டைக் கலைத்தேன். வேறு என்ன சொல்ல? கிளம்புகிறேன் என்பவரிடம் ‘இருங்கள்’ என்றால் அது மரியாதைக்குச் சொன்னதாகத்தான் போய்ச் சேரும். அவரே ஒருமுறை சொல்லியிருக்கிறார், “மரியாதைக்குச் சொல்றவங்க வாசல்வரைக்கும் சொல்லுவாங்க, அப்புறம் கதவைச் சாத்திடுவாங்க” என்று. எதற்கு அந்தச் சங்கடம், இரண்டு பேருக்கும்?

அரை மணியில் முடிகிற ஆட்டம் அது. பதினேழு நாளாக நடக்கிறது. முதலில் ஒரு நாளைக்கு ஒரு கைதான் என்று ஆனது. இருவருக்கும் களைப்பாம். பிறகு கடைசிச் சீட்டைப் போட்டவருக்குரிய ஒரு புள்ளியை இருவரும் மறந்தோம், தொடர்ந்து. ஒன்பதாம் நாள் அண்ணி கையில், கட்டிலிருந்து திருப்பிவைக்கும் பொதுச்சீட்டையும் சேர்த்து, இரண்டு ஐந்து, கூடவே ஒரு பத்து, ராணி, ராஜா. படத்துக்கெல்லாம் பத்து மதிப்பு. ஐந்தும் பத்துமாக ஆறு பதினைந்து, பன்னிரண்டு புள்ளி. ஜோடிக்கு இரண்டு. அண்ணி “பன்னிரண்டு” என்று நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தார். இரண்டு ஐந்தும் மேசைமேல் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. கண்ணில் ஏதோ கோளாறு என்று எனக்குத் திக்கென்றது. மறுநாளே விடுப்புப் போட்டுக் கண் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். சுவரில் மாட்டியிருந்த அட்டையில் கடைசி வரியைப் படித்தார். அதற்கும் கீழே அச்சடித்தவர் முகவரியைப் படித்தார். அதில் ஒரு எழுத்துப் பிழை என்றார். மருத்துவர் எழுந்துபோய்க் கிட்டத்தில் பார்த்துவிட்டு, “ஆமாம்” என்றார்.

அதன் பிறகும் அவர் புள்ளிகளை விட்டுக்கொண்டுதான் இருக்கிறார். இதற்கு நான் விளக்கம் தேடவில்லை. ஒரே மாதிரி முடிவு பலமுறை வந்தாலும் காரணம் ஒன்றுதான் என்று சொல்லிவிட முடியாது. விதிப்படி அவர் விட்டதை நான் எடுத்திருக்க வேண்டும், எடுக்கவில்லை; அது என் கவனக்குறைவு. நானும் ஒரே ஒரு தடவை, வேலைக் களைப்பில், ஒரு ஜோடியைச் சொல்லாமல் விட்டேன். இப்போது அவருக்கு மூன்று புள்ளி வேண்டும், எனக்கு நாலு. துடைக்கும்போது குண்டூசி அசையக்கூடாது என்று மேசையையே துடைப்பதில்லை. அத்தான் இரவுச் சாப்பாட்டைக் கட்டில்மேல் உட்கார்ந்து சாப்பிடுகிறார். “யாராவது ஒருத்தர் ஆக்சிலேட்டரை மிதிங்கப்பா” என்கிறார்.

இப்படி எத்தனை நாள் ஓட்டுவது? அறை வெளிச்சமாக இருக்கிறது, அடுத்த தெருவிலேயே நூலகம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அங்கே அவருக்குப் படிக்க நிறையப் பிழைகள் கிடைக்கும். இங்கே நான் காலையில் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வருகிறேன். பகலெல்லாம் தனியாக இருக்கிறார். வந்ததும் கதவைத் திறந்து, “இன்னிக்குத் தண்ணி எப்படி?” என்று கேட்கிறார். இத்தனை வருடத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை என்பது வேறு விஷயம். ஆகவே எல்லாவற்றையும் யோசித்துத்தான் எழுதுகிறேன். அறையை உறுதி செய்துவிடு. முதல் தேதிக்கு அத்தான் கொண்டுவந்து விடுவார்.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, நன்றாகத் தூங்கி, உன்னைப்போல் யாருக்கும் பலகை வாங்கித் தராமல் நீடு வாழட்டும்.

உன் அக்கா

பி.கு.: கோந்து எங்கே என்று தெரியவில்லை. வேலையிலிருந்து வந்து உறையை ஒட்டுகிறேன்.

பி.கு.வுக்குப் பி.கு.: தம்பி, கையெழுத்து மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய். உறை ஒட்டாமல் மேசைமேல் இருந்தது. எழுதிய தாளைப் படிக்காமல் இருக்க எனக்கு யாரும் பழக்கவில்லை. ஒற்றுப்பிழை ஏழு, திருத்திவிட்டேன். தகவல் பிழை ஒன்று: உன் அக்கா ஜோடியைச் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு தடவை அல்ல, ஆறு தடவை. கண் மருத்துவரைப் பார்த்துவந்த பிறகு மட்டும் நாலு. என் கண் நன்றாக இருக்கிறது. அந்த இரண்டு ஐந்தையும் பார்த்தேன்.

விடுபாடும் ஒன்று இருக்கிறது. நாலு பக்கம் எழுதியவள், சொல்ல வேண்டிய ஒரு சொல்லை மட்டும் எண்ணாமல் விட்டிருக்கிறாள். விட்டதை எதிராளி எடுத்துக்கொள்ளலாம் என்பது அவளே கற்றுக்கொடுத்த விதி. நான் எடுத்துக்கொண்டேன். அறை வேண்டாமென்று இல்லத்தில் சொல்லிவிடு. இந்த வீட்டில் எனக்குள்ள குறை மொத்தம் பத்தொன்பது.

கோந்து என் பெட்டியில்தான் இருந்தது. ஒட்டி நானே தபாலில் போடுகிறேன். புரூப் பார்த்தவர் பெயரைப் புத்தகத்தில் போடுவதில்லை, நீயும் போடாதே. அறை வேறு யாருக்கோ போய்விட்டது என்று மட்டும் அவளுக்கு எழுது. அவள் ரொம்ப வருத்தப்படுவாள். கூடவே உட்கார்ந்து நானும் வருத்தப்படுவேன்.