சாமி மேடைக்குப் பக்கத்து பிளக்

விளக்கத் தாளைப் படிக்காமல் எதையும் மாட்டிவிடுகிற பரம்பரை எங்களுடையது. (அப்பா மாட்டிய மின்விசிறி இன்றும் எதிர்ப்பக்கம்தான் சுற்றுகிறது.) எட்டு வருடங்களுக்கு முன் டுரியான் துங்கால் ஊரில், எங்கள் வீட்டில் நடந்த குற்றத்தில் பாதி அவரைச் சேரும்.

அன்று ஷாமினியும் அவள் வீட்டாரும் நியாலாஸ் ஊரிலிருந்து மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார்கள். அவளும் நானும் கல்யாணம் என்று ஏற்கெனவே முடிவு செய்தவர்கள். அவள் அப்பாவுக்கும் சம்மதம். ஆனால் அந்தக் குடும்பத்தில் கடைசிப் பேச்சு அவள் பெரியம்மாவுடையது. அவரோ, "ஜாதகம் சேரல, வேணாம்லா" என்று சொல்லிவிட்டு, ஒரு மரியாதைக்குத்தான் வந்திருந்தார். அதே முகத்தோடு எழுந்து போய்விட்டால் என் கதை முடிந்தது.

வீட்டைப் பார்த்தாவது மனம் மாறட்டும் என்று முதல்நாள் ஒரு சப்வூஃபர், அதாவது தரை அதிரப் பாடுகிற ஸ்பீக்கர் பெட்டி, வாங்கியிருந்தேன். (சுவருக்குச் சாயம் அடித்திருக்கலாம். புத்தி அவ்வளவுதான்.) அதில் இரண்டு வயர்கள். ஒன்றை ஆம்ப்ளிஃபயரில் செருகினேன். சாதாரண ஸ்பீக்கருக்கு அது போதும். இந்தப் பெட்டிக்குத் தனியாகக் கரண்ட் வேண்டும் என்று எனக்குத் தெரியாது. சத்தம் வரவில்லை. பின்னாலிருந்த குமிழ்களைக் கடைசிவரை திருகினேன். அப்போதும் மூச்சில்லை. சரி, அழகுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பெரியம்மா சாமி மேடைக்கு முன் உட்கார்ந்து, தேநீரைத் தொடாமல் இருந்தார். கோயிலில் சாமியாட அடிக்கிற உறுமிப் பாட்டு ஒன்றைப் பழைய ஸ்பீக்கரில் மெதுவாகப் போட்டேன். ஷாமினியின் அப்பா பெட்டியைச் சுற்றி வந்தார்.

"தம்பி, இதுக்குக் கரண்டே குடுக்கலையே."

"அது ஸ்பேர் வயர், மாமா."

"ஸ்பேராம்லா" என்று அவரே வயரை எடுத்து, சாமி மேடைக்குப் பக்கத்து பிளக்கில் செருகி, சுவிட்சைத் தட்டினார்.

தரை அதிர்ந்தது. மேடையிலிருந்த மணி தானாகக் குலுங்கியது. அம்மன் படத்துப் பூ நழுவிப் பெரியம்மா மடியில் விழுந்தது. அவர் உடம்பு நடுங்க எழுந்தார். எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டோம். ஆடிக்கொண்டே வந்தவர், திருநீற்றை அள்ளி என் நெற்றியில் பூசினார், பிறகு ஷாமினிக்கு.

"சேத்து வைங்கடா" என்றார்.

மாமா மெல்ல பிளக்கைப் பிடுங்கினார். (சாமி வருவதை நான் கேலி செய்யவில்லை. வந்த நேரத்தைத்தான் சொல்கிறேன்.) அதன்பிறகு ஜாதகத்தை யாரும் எடுக்கவில்லை.

காரில் ஏறும்போது மாமா என் காதருகே வந்தார். "சுவிட்ச் விஷயம் நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும், தம்பி."

"ஆத்தாவே நேர்ல வந்து முடிச்ச கல்யாணம்" என்று பெரியம்மா இன்றும் விசேஷ வீடுகளில் சொல்கிறார். அப்போதெல்லாம் மாமாவும் நானும் பந்தியில் பாயாசம் வந்துவிட்டதா என்று பார்ப்போம். ஷாமினிக்கு மட்டும் ஒருநாள் உளறிவிட்டேன். அதிலிருந்து நான் கோயிலில் கண்ணை மூடினாலே அவள் சிரிக்கிறாள்.

போன வாரம் அவள் தங்கைக்கு ஒரு வரன் வந்தது. பையன் தங்கம். பெரியம்மா ஜாதகம் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டார். மறுநாளே மாமா எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, ஞாயித்துக்கிழம பெரியம்மாவக் கூட்டிக்கிட்டு உங்க வீட்டுக்கு வர்றோம். அந்தப் பெட்டி இன்னும் வேல செய்யுதா?"