குவாம் தீவுக்குக் கடலூரில் ஓட்டு வேட்டை

"மொத்தமே நூத்துச் சொச்சம் பேர்தான் ஓட்டுப் போட வருவாங்க மாப்ள. அதுல எனக்கு ஒரு மூணு ஓட்டு இடிக்குது" என்றார் நடேஷ், வாட்ஸ்அப் வீடியோவில்.

இளவரசு கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். சிதம்பரம் தெற்கு வீதியில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருப்பவர் அவர். கவுன்சிலர் முதல் காதுகுத்து மாமன் வரை எல்லோரையும் ஆளுயரத்துக்கு அடித்துக் கொடுத்த கை. அப்பேர்ப்பட்டவருக்கே நூறு பேர் ஓட்டுப் போட்டு அமெரிக்க ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் கதை புதிதாக இருந்தது.

"என்ன மச்சான் சொல்றீங்க? எங்க பால் சொசைட்டி எலெக்ஷனுக்கே அதவிட ஜாஸ்தி கூட்டம் வருமே!"

நடேஷ், இளவரசுவின் மனைவி பிரியம்வதாவுக்கு அண்ணன். பசிபிக் கடலில் குவாம் என்ற தீவில், ஒரு ஓட்டலில் கணக்கு மேலாளர். தீவு அமெரிக்காவுடையது, நடேஷும் குடியுரிமை வாங்கி அமெரிக்காவுடையவராகிவிட்டார்.

"ஜனாதிபதிய இல்ல மாப்ள. எங்க கட்சியில யாரு ஜனாதிபதிக்கு நிக்கணும்னு முடிவு பண்ண ஆகஸ்ட் கடைசியில ஒரு பெரிய மாநாடு போடுவாங்க. அதுக்கு ஒவ்வொரு மாநிலத்துலேருந்தும் பிரதிநிதிங்க போவாங்க. எங்கள மாதிரித் தீவுக்காரங்களும் போவலாம். சின்ன ஊருக்கு விரல் விட்டு எண்ணுற அளவுக்குத்தான் இடம். கடைசியா மிச்சம் இருக்கிற ஒரு இடத்துக்கு நானும் ஒரு டீச்சரம்மாவும் முட்டிக்கிட்டு நிக்கிறோம்."

"அந்த மூணு ஓட்டு யாரு?"

"எல்லாம் நம்ம மாவட்டத்துப் பசங்க. புவனகிரி சிலம்பரசன், குமராட்சி நட்ராஜு, கடலூர் முதுநகர் ஹுமாயூன். மூஞ்சிக்கு நேரா சிரிக்கிறானுங்க. ஓட்டு யாருக்குன்னு கேட்டா மட்டும் மேல பாக்குறானுங்க."

இளவரசு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மச்சான், அவனுங்க அங்க இருக்கலாம். அவனுங்களப் பெத்தவங்க இங்கதான இருக்காங்க? நான் பாத்துக்கிறேன். நீங்க போய் மாநாட்டுக்குக் கோட்டு தைக்கக் குடுங்க."

இளவரசுவின் இந்த வீராப்புக்குக் காரணம் உண்டு. மாமனார் வீட்டில் அவருக்கு இருந்த மரியாதை, கல்யாண வீட்டில் செருப்புக்கு இருக்கும் மரியாதைதான். எதற்கெடுத்தாலும், "எங்கண்ணனா இருந்தா இந்நேரம் முடிச்சிருப்பாரு" என்பாள் பிரியம்வதா. அந்த அண்ணனே இப்போது கையேந்தி நிற்கிறார். அவரை ஜெயிக்க வைத்துவிட்டால் பிரியம்வதா வாயால் ஒரே ஒருமுறை, "பரவாயில்லையே, என் வீட்டுக்காரரு!" என்று கேட்டுவிடலாம். இளவரசுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான். அமெரிக்காவை யார் ஆண்டால் அவருக்கென்ன?

விஷயத்தைச் சொன்னதும் பிரியம்வதா கையிலிருந்த புடவையை மடித்து வைத்தாள். மகள் வினோதினிக்கு ஆவணியில் கல்யாணம். அதற்கு வாங்கிய புடவைகளைக் கட்டிலில் பரப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜெயிச்சா அண்ணன் அந்த மாநாட்டுக்குக் கட்டாயம் போவாரா?"

"போவாம? டிவியிலயே வருவாரு!"

"அப்ப நானும் உங்களோட வர்றேன். கூடத்துல ஆம்பளைங்க பேசுறதெல்லாம் பேச்சுதான். ஓட்டு அடுப்பங்கரையிலதான் முடிவாவுது."

இளவரசுக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. பெண்டாட்டியே களத்தில் இறங்கினால் டீச்சரம்மாவுக்கு டெபாசிட் தேறுமா? அன்றே தெரு முனையில் ஒரு ஃப்ளெக்ஸ் ஏறியது. வெள்ளை மாளிகைக்கு முன்னால் நடேஷ் கைகூப்பி நிற்க, கீழே கொட்டை எழுத்தில், 'அமெரிக்காவையே தீர்மானிக்கும் எங்கள் தாய்மாமனே!' என்று இருந்தது. மறுநாள் காலை கடை வாசலில் கும்பல். ஒருவருக்கு விசா வேண்டும். ஒருவருக்குச் சாக்கடை அடைப்பு எடுக்க வேண்டும்.

"சாக்கடைக்கு நகராட்சிக்குல்ல போவணும்?"

"அமெரிக்காவுலேருந்து ஒரு போன் வந்தா நகராட்சி கேக்காதா?"

இளவரசு எல்லோருக்கும் தலையாட்டி வைத்தார். ஓட்டு வேட்டைக்குக் கிளம்பும்போது யாரையும் பகைத்துக்கொள்ளக் கூடாதே.

முதலில் புவனகிரி. சிலம்பரசனின் அம்மா அமராவதி மோர் கொடுத்து உட்கார வைத்தாள். இளவரசு குவாம் தீவின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசினார். அமராவதி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெறும் பேச்சில் காரியம் நடக்காது என்று அவர் அனுபவம் சொன்னது. பைக்குள் இருந்து ஒரு பட்டுப்புடவையை எடுத்து வைத்தார். கல்யாணப் புடவைகளில் ஒன்று அது. கொஞ்சம் தயங்கித்தான் பிரியம்வதாவிடம் கேட்டிருந்தார். அவளோ, "எடுத்துக்கங்க" என்று சிரித்த முகமாகக் கொடுத்துவிட்டாள்.

"எம்மவன் ஓட்டு எங்க போவும்? நம்ம ஆளுக்குத்தான்" என்றாள் அமராவதி, ஜரிகையைத் தடவிக்கொண்டே. பிறகு பிரியம்வதாவை உள்ளே கூட்டிப்போனாள். இருவரும் வெகுநேரம் கழித்துத்தான் வந்தார்கள். அமராவதியின் கண் கலங்கியிருந்தது. பெண்டாட்டி பேசினால் இரும்பும் இளகும் என்று இளவரசு பூரித்துப்போனார்.

புடவைச் சேதி அவருக்கு முன்னால் குமராட்சி போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கே நட்ராஜின் அப்பா நடனசபாபதி வாசலிலேயே நின்றிருந்தார்.

"புவனகிரிக்குப் பட்டு. எங்களுக்கு என்ன?"

"மாமா, உங்களுக்கு இல்லாததா?"

மாப்பிள்ளை வீட்டாருக்கென்று வைத்திருந்த பட்டு வேட்டி அங்கே போனது. வேட்டி போனால் அங்கவஸ்திரம் மட்டும் எதற்கு என்று அதுவும் போனது. அந்த வீட்டிலும் பிரியம்வதா அடுப்பங்கரைக்குள் போய்விட்டுத் திருப்தியாக வெளியே வந்தாள்.

கடலூர் முதுநகரில்தான் சிக்கல். ஹுமாயூனின் அத்தா முஹம்மது இஸ்மாயில் பையைத் தொடக்கூட இல்லை.

"ஓட்டுக்குப் பொருள் வாங்குறது ஹராம் தம்பி. எடுத்து உள்ள வைங்க. சாப்டுட்டுப் போங்க."

வாங்காதவர் வீட்டில் மூக்குமுட்டப் பிரியாணி தின்றது இளவரசுக்குக் கூச்சமாக இருந்தது. அந்த நேரம் பார்த்து பாய் சாவகாசமாகக் கேட்டார்.

"எனக்கு ஒரு சந்தேகம் தம்பி. இந்த மாநாடு முடிஞ்சி, நவம்பர்ல நெசமான ஜனாதிபதி தேர்தல் வருமே, அதுல ஹுமாயூனு யாருக்குப் போடணும்?"

இளவரசு உடனே குவாமுக்குப் போன் போட்டார். நடேஷ் தொண்டையைக் கனைத்தார்.

"அதுல எங்களுக்கு ஓட்டு இல்ல மாப்ள."

"என்னது!"

"ஜனாதிபதி ஓட்டு மாநிலங்களுக்குத்தான். நாங்க மாநிலம் இல்ல, தீவு. வேட்பாளரத் தேர்ந்தெடுக்கிறது கட்சியோட சொந்த விவகாரம். அதுல எங்களச் சேத்துக்குவாங்க. அப்புறம் நவம்பர்ல டிவியில பாக்க வேண்டியதுதான்."

ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டுவிட்டது. பாயின் முகத்தில் சிரிப்பு பரவியது. இளவரசு விடவில்லை.

"பாய், இது ஒண்ணும் புதுசு இல்ல. பொண்ணு பாக்கப் பத்துப் பேரு போறோம். பஜ்ஜி சாப்புடுறோம், பொண்ணு புடிச்சிருக்குன்னு சொல்றோம். தாலிய நாமளா கட்டுறோம்? அது மாதிரி."

"தாலி கட்ட வேணாம் தம்பி. கல்யாணத்துக்காவது கூப்புடணுமில்ல? இவங்களுக்குப் பஜ்ஜியோட சரியா?"

பாயின் மனைவி மெகருன்னிசாவும் மகள் ஷாசியாவும் உள்ளேயிருந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. பிரியம்வதாவும் அவர்களோடுதான் இருந்தாள். அவள் சிரிப்புதான் பலமாகக் கேட்டது.

மறுநாள் நடேஷிடமிருந்து போன். குரலில் நெருப்பு பறந்தது.

"யோவ் மாப்ள! சிலம்பரசன் வந்து எங்கம்மாவுக்குப் பட்டுப்புடவ குடுத்ததுக்குத் தேங்க்ஸுன்னு எல்லார் முன்னாடியும் கையக் குடுக்கிறான்! இங்க ஓட்டுக்குப் பொருள் குடுத்தா கம்பி எண்ணணும், தெரியுமா? என்னைய மாநாட்டுக்கு அனுப்புறியா, ஜெயிலுக்கு அனுப்புறியா? எல்லாத்தையும் திருப்பி வாங்கு!"

இளவரசு பதறியடித்துப் புவனகிரிக்கு ஓடினார். பிரியம்வதாவும் கூடவே கிளம்பினாள். அமராவதி அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டு நின்றாள். சேதியைக் கேட்டதும் இடுப்பில் கை வைத்தாள்.

"எத்தினியோ எலெக்ஷன் பாத்துட்டேன். குடுத்த புடவையத் திருப்பிக் கேக்குற மொத ஆளு நீதான்யா. தோத்தவன்கூடக் கேட்டதில்ல."

அக்கம்பக்கம் கூடிவிட்டது. இளவரசுக்கு வியர்த்து ஊற்றியது. சட்டென்று ஒரு யோசனை உதித்தது. அவருக்கு யோசனை உதித்தபோதெல்லாம் ஏதாவது ஒன்று மூழ்கியிருக்கிறது.

"திருப்பி எங்கம்மா கேட்டேன்? இது ஓட்டுக்குக் குடுத்ததுன்னு யாரு சொன்னா? எம்பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிகையோட வெக்கிற மரியாதை! அதச் சொல்லத்தான் வந்தேன். குடும்பத்தோட வந்துடணும்."

"குடும்பம்னா? எங்க தெருவே ஒரே குடும்பம்தான்."

"தெருவோட வாங்க!"

ஒரு வேன் உறுதியானது. குமராட்சியில் நடனசபாபதி, "எங்க பங்காளிங்கள விட்டுட்டு நான் எப்புடி வர்றது?" என்று கேட்டதில் மினி பஸ்ஸே உறுதியானது. ஒன்றுமே வாங்காத பாயைக் கூப்பிடாமல் விட்டால் நன்றாகவா இருக்கும்? முதுநகருக்கும் பத்திரிகை போனது. சமையல்காரர் இலைக்கணக்கைக் கேட்டு, "மாமா, இது கல்யாணமா, கட்சி மாநாடா?" என்றார். பிரியம்வதா மட்டும் ஒரு வார்த்தை கோபிக்கவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் இவ்வளவு பொறுமையாக இருந்து இளவரசு பார்த்ததில்லை. தன்மேல் மரியாதை வந்துவிட்டது என்று அவர் முடிவே கட்டிவிட்டார்.

ஓட்டு நாள் வந்தது. நமக்கு மத்தியானம் ஆனபோது அங்கே சாயங்காலம். கடையில் மெஷினை நிறுத்திவிட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் இளவரசு. மணி அடித்தது.

"தோத்துட்டேன் மாப்ள" என்றார் நடேஷ். "மூணே ஓட்டுல. அந்த டீச்சரம்மா மாநாட்டுக்குப் போவுது."

"நம்ம பசங்க?"

"வந்தானுங்களே! மூணு பேரும் சிரிச்சிக்கிட்டே வந்து, கட்டிப்புடிச்சி, வாழ்த்துச் சொல்லிட்டுத்தான் ஓட்டுப் போடப் போனானுங்க. பாவம், அவனுங்களக் குத்தம் சொல்லக் கூடாது. வேற எவனோ கழுத்தறுத்துட்டான்."

இளவரசு ஏணியைத் தூக்கிக்கொண்டு தெரு முனைக்குப் போனார். தானே ஏறி ஃப்ளெக்ஸை அவிழ்த்தார். சாக்கடைக்காரர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"அப்ப எங்க அடைப்பு?"

இளவரசு ஃப்ளெக்ஸைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். உண்மையாகவே அவருக்கு அழுகை வந்தது. வாழ்நாளில் ஒருமுறை மாமனார் வீட்டுக்கு உபயோகப்படலாம் என்று பார்த்தால் அதுவும் போயிற்று. புடவை போயிற்று, வேட்டி போயிற்று, மூன்று ஊருக்குச் சோறு போட வேண்டியதும் ஆயிற்று. வீட்டுக்குப் போய் என்ன முகத்தோடு நிற்பது?

பிரியம்வதா கேசரி கிண்டிக்கொண்டிருந்தாள். அவர் தட்டுத் தடுமாறிச் சேதியைச் சொன்னார்.

"சரி, விடுங்க" என்றாள். ஒரு கிண்ணத்தில் கேசரியைப் போட்டு, முந்திரியாகப் பொறுக்கி மேலே வைத்து நீட்டினாள். "நீங்க என்ன பண்ணுவீங்க பாவம். உங்களால ஆனதப் பண்ணீங்க. எங்கண்ணனா இருந்தாகூட இவ்ளோ அலைஞ்சிருக்க மாட்டாரு."

இளவரசு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கேட்க ஆசைப்பட்ட வார்த்தை, தோற்ற அன்றைக்கா வர வேண்டும்? ஒன்றும் புரியாமலே கேசரியைத் தின்றார். அன்று மாலையே நடேஷிடமிருந்து வினோதினிக்குச் சேதி வந்தது. அங்கே முகம் காட்டப் பிடிக்கவில்லையாம். ஆடி முடிவதற்குள் சிதம்பரம் வந்து இறங்கிவிடுகிறாராம்.

ஒரு வாரம் கழித்து, பாயின் மகள் ஷாசியா கடைக்கு வந்தாள். இங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள், கல்லூரி விழாவுக்கு ஒரு பேனர் அடிக்க வேண்டும் என்றாள். அவளைப் பார்த்ததும் இளவரசுக்குத் துக்கம் பொங்கிவிட்டது.

"பாத்தியாம்மா? உங்கண்ணன் போட்டும் எங்க மச்சான் தோத்துட்டாரு. இன்னும் ரெண்டு வீட்டுக்குப் போயிருந்தேன்னா ஜெயிக்க வெச்சிருப்பேன்."

ஷாசியா அவரை விநோதமாகப் பார்த்தாள்.

"என்னண்ணே தெரியாத மாதிரி பேசுறீங்க? தாய்மாமன் ஜெயிச்சாருன்னா, ஆவணியில பொண்ணு கழுத்துல அவரு மாலை போட வேண்டிய அன்னிக்கு அந்த மாநாட்டுலதான் உக்காந்திருப்பாரு, எப்படியாவது தோக்கடிச்சி வுட்டுடுங்கன்னு அக்கா எங்க அடுப்பங்கரையில அம்மா கையப் புடிச்சிக்கிட்டு அழுதாங்களே, அதான எங்கண்ணனும் மத்த ரெண்டு பேரும் டீச்சருக்குப் போட்டாங்க!"