நரம்பு போனால் கண் போகும்

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு பெண்ணுக்கு வரவே கூடாதது முன்பல் வலி. எனக்கு வந்தது.

எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் வேலை எனக்கு. (வயது இருபத்திரண்டு. புத்தி பன்னிரண்டு.) மேல்வரிசை முன்பல்லுக்கு மேலே ஈறு வீங்கி, மூக்கே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. தோட்டத்து மருந்தகத்து டிரஸ்ஸர் பார்த்த மாத்திரத்தில் குறடை எடுத்தார்.

"புடுங்கிடலாம். ரெண்டு நிமிசம்."

"ஐயோ சார், எனக்குக் கல்யாணம்!"

"அப்ப தானா ராத்தா டவுனுக்குப் போ. புதுசா ஒரு சீன டாக்டரம்மா வந்திருக்கு. பல்ல விட்டுட்டு உள்ள இருக்கிற நரம்ப மட்டும் எடுக்குதாம். ரூட் கேனல்."

செய்தி எனக்கு முன்னால் நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பக்கத்து வீட்டு ராசம்மாக்கா வாசலிலேயே மறித்தார்.

"மேல்பல்லு நரம்பு நேரா கண்ணுக்குல்ல போவுது! அத உருவுனா கண்ணு அவிஞ்சிரும்லா. எங்க சித்தப்பாவுக்கு அப்படித்தான் ஆச்சு." (சித்தப்பாவுக்கு வந்தது கண்புரை என்று பின்னால் தெரிந்தது. பின்னால் தெரிந்து என்ன பயன்?)

கண் பொட்டைப் பெண்ணா, பல் பொக்கைப் பெண்ணா என்று மூன்று நாள் யோசித்தேன். ரிங்லெட் ஊரில் இருந்த மாப்பிள்ளை வீட்டுக்கு விஷயம் தெரிந்தால் பெண் சொத்தை என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. கடைசியில் யாருக்கும் சொல்லாமல், என் கூடப்பிறந்த பத்மா அக்கா என்னைப் பஸ் ஏற்றிக் கூட்டிப் போனாள்.

கடைவரிசையின் பின்கட்டில், ஜன்னல் இல்லாத அறை. நாற்காலியில் சாய்த்ததும் முகத்துக்கு நேரே ஒரு பெரிய விளக்கு. டாக்டரம்மா சின்னப் பெண். "ஜாங்கான் தாக்குட்," என்று மலாயில் சொன்னார். பயப்படாதே என்று சொல்பவர் கையில் ஊசி இருந்தால் எப்படிப் பயப்படாமல் இருப்பது?

மரத்ததும் ஒரு ரப்பர் துணியில் துளை போட்டு, அதன் வழியே அந்த ஒரு பல்லை மட்டும் வெளியே தெரியவிட்டு, துணியைச் சட்டம் போட்டு முகத்தில் மாட்டினார். என் வாய் மூடப்பட்டது. பிறகு துளைபோடும் மெஷின். பிறகு மெல்லிய கம்பிகள். வெள்ளைப் பிடி, மஞ்சள் பிடி, சிவப்புப் பிடி என்று ஒவ்வொன்றாகப் பல்லுக்குள் இறங்கின. ஒவ்வொரு கம்பி போகும்போதும் ஒரு கண்ணை மூடி, மற்றதால் விளக்கைப் பார்த்துச் சோதித்துக்கொண்டேன். இரண்டும் தெரிந்தன.

கடைசி நீலப்பிடிக் கம்பியைப் பல்லிலேயே விட்டுவிட்டு எக்ஸ்ரே எடுத்தார். "அசையாதே," என்று சொல்லி, படத்தைக் கழுவ இருட்டறைக்குப் போய்விட்டார்.

நான் அசையவில்லை. விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று விளக்கு இல்லை. அறை இல்லை. என் கைகூட இல்லை.

கண் போயே போய்விட்டது.

"ங்ஙண்ணு ங்ஓச்சு!" என்று ரப்பருக்குள்ளிருந்து அலறிக்கொண்டு நாற்காலியிலிருந்து குதித்தேன். எதையோ தட்டிவிட்டேன். சுவரைத் தடவி, கதவைக் கண்டுபிடித்து, கூடத்துக்குள் விழுந்தேன்.

அங்கே பகல் வெளிச்சம். நாலைந்து பேர் வாயைப் பிளந்து பார்க்கிறார்கள். பத்மா அக்கா கல்லாகச் சமைந்திருக்கிறாள். அவள் பக்கத்தில், கட்டுப்பல்லைச் சரிசெய்ய வந்து உட்கார்ந்திருந்தவர் என் வருங்கால மாமியார்.

அவர் பார்த்தது இதைத்தான்: முகத்தில் பச்சை ரப்பர், நடுவில் ஒற்றைப் பல், அதில் நீலப்பிடிக் கம்பி, மருமகள்.

"ங்ஙண்ணு ங்ஙெரியுது!" என்றேன். வேறு என்ன சொல்வது?

அத்தை எழுந்தார். நிச்சயதார்த்தத் தட்டைத் திருப்பி வாங்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்தார்.

"கரண்டு போச்சும்மா. கண்ணு போவல. வா, உக்காரு. நான் கூட இருக்கேன்."

கரண்டு வந்தது. வேலை முடியும்வரை அத்தை என் கையை விடவில்லை. அதற்கப்புறம் நான் போன இரண்டு முறையும் ரிங்லெட்டிலிருந்து அவரே வந்தார். கடைசி முறை டாக்டரம்மா பல்லுக்குள் ஏதோ குச்சியை அடைத்து, "கெத்தா," என்றார். மலாயில் அது ரப்பர் பால். அத்தைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"பீடோர் தோட்டத்துல பத்து வருசம் பால்மரம் வெட்டிப் பாலு எடுத்தேன். அது மருமவ பல்லுக்குத்தான்னு யாரும் சொல்லலியே!"

கல்யாணப் படத்தில் முப்பத்திரண்டும் தெரியச் சிரித்திருக்கிறேன். அந்த முன்பல் இன்னும் இருக்கிறது.

எங்கள் வீட்டில் கரண்டு போனால் இன்றைக்கும் யாரும் மெழுகுவர்த்தி தேடுவதில்லை. முதலில் என் கணவர், "கண்ணு தெரியுதாலா?" என்று கத்துவார். பிள்ளைகள் மூக்கை அடைத்துக்கொண்டு "ங்ஙெரியுது!" என்பார்கள். எண்பத்தைந்து வயது அத்தை மட்டும் இருட்டில் தட்டுத் தடுமாறி வந்து, என் கையைப் பிடித்துக்கொள்வார்.