ஏழாம் நம்பர் பாட்டிலுக்கு மூச்சு முட்டியது

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், உன் தம்பி பெண்டாட்டி, மகள் மூவரும் சுகம். அங்கே உன் முழங்கால் வலியும் அத்தானின் குறட்டையும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே திட்ட ஆரம்பித்துவிடுவாய், அதனால் கடிதம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. நீ புறப்பட்டு வர வேண்டாம்.

என் மகள், அதாவது உன் மருமகள், கப்பலில் போய், கடலில் நாலு கிலோமீட்டர் ஆழத்திலிருந்து தண்ணீர் எடுத்து வந்தாளே, அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் இருக்கின்றனவாம். இருட்டிலும் குளிரிலும் அவை எவ்வளவு ஆக்சிஜனை இழுக்கின்றன என்பதுதான் அவள் ஆராய்ச்சி. ஆராய்ச்சிக்கூடத்துக் குளிர் அறை பழுதாகிப்போக, பன்னிரண்டு பாட்டில்களையும் வீட்டுக்குக் கொண்டுவந்து எங்கள் ஃபிரிட்ஜில் அடுக்கிவிட்டாள். காய்கறி வெளியே, கடல் உள்ளே. மாதக் கடைசிக்குள் முடிவுகளை ஒப்படைக்காவிட்டால் அடுத்த கப்பலுக்கு இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும், பட்டமும் அதுவரை கிடையாது. இந்த நேரம் பார்த்து அவளுக்குப் பத்து நாள் வெளியூர் வேலை. "அப்பா, பாட்டில் மேல இந்தக் குச்சியை வச்சா உள்ள எவ்ளோ ஆக்சிஜன்னு மீட்டர்ல நம்பர் வரும். காலைலயும் சாயங்காலமும் நோட்டுல எழுதுங்க. மூடியை மட்டும் தொடாதீங்க" என்று மூன்று முறை சொல்லிவிட்டுப் போனாள்.

அக்கா, நான் முப்பத்தோரு வருஷம் என்ன வேலை பார்த்தேன்? ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் சிலிண்டர் மாற்றுகிற வேலை. முள் இறங்கினால் ஓட வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவனிடம் ஆக்சிஜன் இறங்குவதை உட்கார்ந்து வேடிக்கை பார் என்றால் முடிகிற காரியமா? நாலு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். பதினொரு பாட்டில்களில் கடைசி இலக்கம் ஆடி அசைந்து இறங்குகிறது, ஏழாம் நம்பரில் மட்டும் மளமளவென்று இறங்குகிறது. ஐந்தாம் நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தத் தண்ணீர் மேலே வந்து காற்றைப் பார்த்துப் பல நூறு வருஷம் ஆகிறதாம். அன்றைக்குக் கீழே கொண்டுபோன ஆக்சிஜனை இன்னும் சிக்கனமாகச் செலவழிக்கிற ஜீவன்கள், என் வீட்டுக் காய்கறித் தட்டில் மூச்சு முட்டிச் சாவதா? மாடி வீட்டுக்காரரின் மீன் தொட்டியில் குமிழி விடுகிற மோட்டாரை ஒரு மணி நேரத்துக்கு என்று கெஞ்சி வாங்கி வந்தேன், மூடியைத் திறந்தேன், குழாயை விட்டேன், நம்பர் கிடுகிடுவென்று ஏறியது. பிழைத்துக்கொண்டது அக்கா! சமையலறையில் ஒரு குதி குதித்தேன். உன் தம்பி பெண்டாட்டி தலையில் அடித்துக்கொண்டாள். "மேல நிஜ மீன் வாயைப் பொளந்துக்கிட்டுக் கெடக்குது. இங்க கண்ணுக்கே தெரியாததுக்கு வைத்தியம் நடக்குது!"

நேற்று மகள் வந்து நோட்டைப் புரட்டினாள். ஆஸ்பத்திரிப் பழக்கம், மறைக்கத் தெரியாது. 'காலை பத்து இருபது, ஏழாம் நம்பருக்குக் காற்று, நாற்பது நிமிடம், நோயாளி நலம்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தேன். "தொறந்தீங்களாப்பா?" என்றாள். பெண்ணின் நாலு வருஷ உழைப்பை நாற்பது நிமிடத்தில் கெடுத்தேனே என்று நான் அழுதே விட்டேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, எண்களை விரலால் தொட்டுக்கொண்டே போனாள், திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள். "இந்த ஏழு கப்பல்லயே கெட்டுப்போனதுப்பா, யார் கையோ பட்டிருக்கு. உள்ள ஏதோ சாப்பாடு போயிருக்கு, அந்தக் குஷியில மூச்சு வாங்குது. மத்ததுக்கெல்லாம் ஆக்சிஜன் தாராளமா இருக்கு. அவ்ளோ ஆழத்துல அதுங்களுக்குக் குறைச்சல் காத்துல இல்ல, சாப்பாட்டுலதான். பட்டினியா கெடக்கறதாலதான் அவ்ளோ மெதுவா மூச்சு விடுதுங்க. மிச்சம் பதினொண்ணும் பத்திரமா இருக்கே, எனக்கு அது போதும்." எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆகவே கவலைக்கு ஒன்றுமில்லை. குளிர் அறையைச் சரிசெய்துவிட்டார்களாம், திங்கட்கிழமை பதினொன்றும் அங்கே திரும்புகின்றன, ஃபிரிட்ஜில் கத்தரிக்காய் குடியேறுகிறது. அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

நீ 'அவசரம்' என்று பெயர் வைத்த
உன் தம்பி

பி.கு.: கையெழுத்துப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன். பதினொன்றும் வரிசையாக நின்றன. பட்டினி என்றாளே, அதுவும் நூற்றுக்கணக்கான வருஷப் பட்டினி, மனசு கேட்கவில்லை. ஆளுக்கு அரை ஸ்பூன் சர்க்கரைதான் போட்டேன். சரியாகக் கரையவில்லை என்று கலக்கியும் விட்டேன். நேரம், அளவு எல்லாம் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று. மகள் குளித்துக்கொண்டிருக்கிறாள். மாடி வீட்டுக்காரர் இன்று உன் ஊர்ப் பக்கம் வருகிறார், அவர் கையிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்து வா.