முன்னறிவிப்பு அக்காவின் குறட்டை

கிழக்குத் தாம்பரம் முதல் சிறுசேரி வரை சல்லடை போட்டுச் சலித்தாலும், முன்னறிவிப்பு அக்காவைப் போல உண்மை பேசும் ஒரு ஜீவன் கிடைக்காது. எங்கள் லேடீஸ் ஹாஸ்டலில் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அது. "மதியம் பூண்டு ஊறுகாய் சாப்பிட்டிருக்கேன், தள்ளி நின்னு பேசு" என்று, நாம் வாயைத் திறக்கும் முன்பே அறிவித்துவிடுவார்.

நான் பெட்டியோடு அவர் ரூமுக்குள் நுழைந்த நிமிஷமே ஆரம்பித்தார்.

"மூணு விஷயம் சொல்லிடறேன். காலைல பாத்ரூம்ல ரொம்ப நேரம் ஆக்குவேன். குறட்டை விடுவேன். எனக்குப் பசங்களையும் பிடிக்கும், பொண்ணுங்களையும் பிடிக்கும். அதுக்காக உன்னைப் பிடிக்கணும்னு கட்டாயம் இல்ல."

"கல்யாணம்..." என்று இழுத்தேன்.

"நான் ஒரு பொண்ணுகூடப் போயிடுவேன்னு பயந்து ஒருத்தன் போயிட்டான். நான் ஒருத்தனைக் கட்டிக்கிட்டுப் போயிடுவேன்னு அழுதுட்டு ஒருத்தி போயிட்டா. நான் எங்கயும் போகலை. இந்தக் கட்டில்லதான் இருக்கேன்."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். மூன்று கட்டில் போட்ட ரூமில் அவர் ஏன் தனியாக இருக்கிறார் என்பது போகப் போகத் தெரிந்தது.

எனக்கு முன்னால் வந்தவர்கள் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி ஓடியிருந்தார்கள். ஒருத்தி ஃபேன் சத்தம் என்றாள். அக்கா புது ஃபேன் மாட்டினார். இன்னொருத்தி பல்லி என்றாள். ஜன்னல் இடுக்கையெல்லாம் அடைத்தார். கொசு என்றவளுக்காக வலை வந்தது. இப்படி ஆள் ஓட ஓட வசதி கூடி, வார்டன் ரூமைவிட ஜோரான ரூம் அதுதான் என்றாகிவிட்டது. இருக்கத்தான் ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மற்ற ரூம்களில் கும்பலாகப் பிரியாணிப் பொட்டலம் பிரிப்பார்கள். அக்கா புது ஃபேனுக்கு அடியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார்.

நான் மட்டும் பெரிய யோக்கியமா? பத்தாம் நாள், கீழ் ஃப்ளோர் பெண் ஒருத்தி, "அந்த ரூம்லயா இருக்கே?" என்று கண்ணடித்தாள். அம்மா காதுக்குப் போனால் என்ன ஆகும்? வார்டனிடம் போய், "குறட்டை தாங்க முடியலை மேடம்" என்று சொல்லி ரூம் மாறிக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா என் புது ரூம் வாசலில் வந்து நின்றார். திரும்பி முதுகைக் காட்டினார். நைட்டியின் பின்பக்கம் ஒரு டென்னிஸ் பந்தை வைத்துத் தைத்திருந்தார்.

"டாக்டர்கிட்டப் போனேன். மல்லாந்து படுத்தாதான் குறட்டை வருதாம். இந்தப் பந்து குத்தும், இனிமே மல்லாக்கப் படுக்கவே முடியாது. வர்றியா?"

எனக்கு அவமானமாக இருந்தது. "குறட்டை இல்லக்கா. எனக்குப் பயமா இருந்துச்சு. அதான் போயிட்டேன்" என்றேன்.

"தெரியும்மா" என்றார். "நீங்க சொல்ற குறையைத்தானே நான் சரிபண்ண முடியும்? சொல்லாம ஓடுறீங்களே, அதுல சரிபண்ண ஒண்ணுமே இல்ல."

பக்கெட்டையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே நடந்தேன். யார் கண்ணடித்தாலும் அடிக்கட்டும் என்று இருந்தது.

"நேத்து குறட்டை விட்டேனா?" என்று தினமும் காலையில் கேட்பார்.

பந்தின் மேலேயே மல்லாந்து படுத்து, கட்டில் அதிரக் குறட்டை விட்டிருப்பார்.

"இல்லவே இல்லக்கா" என்பேன். வாழ்நாளில் ஒரு பொய்கூடச் சொல்லாத அந்த அக்காவிடம் இரண்டு வருஷம் நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.