வெந்நீர் உடன்படிக்கை

"சார், இன்னைக்கும் தண்ணி ஐஸ்!"

குளியலறைக் கதவிலிருந்து சோப்பு நுரை வழியும் தலையை நீட்டிக் கத்தினான் மீசைக்காரன். அவனுக்கு முன்னால் குளித்து வந்திருந்த நெட்டையன் தலையைத் துவட்டிக்கொண்டே சிரித்தான்.

"எனக்கே பாதியில நின்னுபோச்சு. கண்ணை மூடிக்கிட்டு ஊத்திக்கோடா."

அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் அந்த வீட்டில் மூன்றாவதாக விரிவுரையாளர் இருந்தார்.

சின்னக் கல்லூரி ஒன்றில் அரசியல் பாடம் எடுப்பவர். உலகத்து எல்லைத் தகராறுகளையெல்லாம் வரைபடத்தில் குச்சி வைத்துக் காட்டியே காலம் தள்ளியவர். எந்த எல்லையையும் தாண்டியதில்லை. அண்டை நாடுகளின் அரசியல், பாதுகாப்பு பற்றி வெளிநாட்டில் ஒரு கோடைக்காலப் படிப்பு என்று அறிவிப்பு வந்ததும் விண்ணப்பித்தார். இடம் கிடைத்தது. சான்றிதழோடு திரும்பினால் துறைத்தலைவர் பதவி என்று கல்லூரி முதல்வர் வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்தப் படிப்பில் ஒரு விசேஷம். பகை நாட்டுக்காரர்களை ஒரே வீட்டில் தங்க வைப்பார்கள். ஒருவர் பாதியில் கிளம்பினாலும் அந்த வீட்டில் யாருக்கும் சான்றிதழ் கிடையாது.

நெட்டையன், ஓர் ஆறு பிறக்கும் நாட்டின் வானொலி நிருபர். மீசைக்காரன், அதே ஆறு கடலில் சேரும் நாட்டின் சுங்க அதிகாரி. தண்ணீர்ப் பங்கில் தகராறாகி இரண்டு அரசாங்கங்களும் பேச்சை நிறுத்தி ஒரு தலைமுறை ஆகிறது. இவர்களோ வந்த அன்றே ஒரே வாணலியில் உருளைக்கிழங்கு வறுத்துத் தின்றுவிட்டு, வாடா போடா என்று பழக ஆரம்பித்துவிட்டார்கள்.

விரிவுரையாளருக்கு அதுதான் உறுத்தியது. மேலே சாம்பல், உள்ளே நெருப்பு என்று நினைத்தார்.

மறுநாள் வழக்கம்போல் மற்றவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் விடிவதற்கு முன்பே குளித்து, திருத்தமாக உடுத்தி, சமையலறையில் காத்திருந்தார். இருவரும் தூக்கக் கலக்கத்தோடு வந்தார்கள்.

"மாடியில தொட்டி ஒண்ணு. ராத்திரி பூரா சூடாகுது, காலைல தீருது. ஆள் ரெண்டு பேர். அப்போ பங்கீடு வேணுமா இல்லையா? இன்னைக்கு நீ முதல்ல, நாளைக்கு அவன்."

"நாங்க சண்டையே போடலியே சார்," என்றான் நெட்டையன்.

"எல்லாச் சண்டையும் இப்படிச் சொல்லிக்கிட்டுத்தான் தம்பி ஆரம்பிக்குது."

அதுவரை வெந்நீர் வெறுமனே தீர்ந்தது. இப்போது 'என் முறையில்' தீர்ந்தது. முதலில் குளிப்பவனுக்கே பாதியில் நின்றது.

"ராத்திரி எழுந்து திருட்டுக் குளியல் போட்டியாடா?" என்று மீசைக்காரன் விளையாட்டாகக் கேட்டான். அடுத்த நாள் அதே கேள்வியை நெட்டையன் கேட்டபோது அதில் விளையாட்டு இல்லை.

விரிவுரையாளர் விடியற்காலையில் இன்னும் நிதானமாக யோசித்தார். கண்காணிப்பு இல்லாத உடன்படிக்கை கதவில்லாத வீடு என்று பட்டது. ஒருவன் குளிக்கும்போது மற்றவன் வெளியே நாற்காலி போட்டு உட்கார வேண்டும் என்றார்.

"நான் குளிக்கிறதுக்கு இவன் காவலா?"

"காவல் இல்லப்பா. பார்வையாளர்."

"எதைப் பார்க்க?"

அதை அவர் இன்னும் யோசிக்கவில்லை. நாற்காலி மட்டும் வந்துவிட்டது.

வாரம் முடிவதற்குள் நெட்டையன் நாற்காலியிலிருந்து எழுந்து கதவை உதைத்தான். "போதும், வெளிய வாடா! ஆத்தை உறிஞ்சுனது பத்தலையா உங்க கூட்டத்துக்கு?"

"அணை கட்டி எங்க வயலைக் காய விட்டவன் பேசுற பேச்சாடா இது?" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

அந்த வீட்டில் ஆற்றைப் பற்றிப் பேச்சு வந்தது அதுதான் முதல் தடவை. தான் சொன்னது பலித்ததில் விரிவுரையாளருக்குக் கொஞ்சம் திருப்திகூட இருந்தது.

இன்னும் ஆழமாக யோசித்தார். சமையலறை நடுவே கோடு கிழித்தார். அடுப்பு ஒருவன் பக்கமும் பாத்திரங்கள் இன்னொருவன் பக்கமும் போயின. வாணலி யாருக்கு என்று கைகலப்பு வரப்பார்க்க, அதை எடுத்துக்கொண்டு போய்க் கீழ்வீட்டில் வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்தார்.

"நடுநிலையான ஒருத்தர்கிட்ட இருக்கட்டும்னு..."

வீட்டுக்காரம்மா வாணலியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "எத்தனையோ எதிரிங்க இங்க குடியிருந்துட்டுப் போயிருக்காங்க. ஒருத்தரும் இதைத் தூக்கிட்டு வந்ததில்ல. இன்னொரு சத்தம் கேட்டா மூணு பேரும் பெட்டியோட வெளிய."

அதன்பின் சத்தமே இல்லை. மீசைக்காரன் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ரொட்டி தின்றான். நெட்டையன் தன் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு தின்றான். கோட்டின் மேல் இருந்த கூடையில் உருளைக்கிழங்குகள் முளை விட்டிருந்தன.

ஒரு மாலை மீசைக்காரன் பெட்டியைக் கட்டினான்.

"காலைல கிளம்புறேன் சார்."

"ஐயோ, இன்னும் ஒரு வாரம்தானப்பா! என் சான்றிதழ்... நம்ம சான்றிதழ்..."

"அவனுங்களோட ஒரு கூரையடியில இருக்க முடியாதுன்னு ஊர்ல எல்லாரும் சொன்னாங்க. நான்தான் நம்பாம வந்தேன்."

அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் விரிவுரையாளர் அதற்கும் ஒரு திட்டம் வைத்திருப்பார்.

விடிவதற்கு முன், தோளில் துண்டோடு, மனைவியைப் போனில் கூப்பிட்டார். ஒன்றுவிடாமல் சொன்னார்.

"என்ன செஞ்சு என்னம்மா? ரத்தத்திலயே ஊறின பகை. தொட்டி வெந்நீர்ல வந்து நிக்குது."

"பாவம் அந்தப் பிள்ளைங்க," என்றாள் மனைவி. "அது என்னங்க சத்தம், அங்க மழையா?"

"மழையெல்லாம் இல்ல. கடைசியா ஒரு வழி யோசிக்கலாம்னு குளியலறைக்கு வந்தேன். குழாயைத் திறந்து ரொம்ப நேரமாச்சு, ஒரே ஆவி. சொல்லு."



"ஏங்க, இங்கயும் நீங்க யோசிச்சு முடிச்சப்புறம் எங்களுக்கு மிஞ்சுறது பச்சைத்தண்ணிதான்," என்றாள் மனைவி. "ஆள் யாருன்னு தெரியும், அதனால நாங்க யாரும் அடிச்சுக்கல."