கொலைக்காரி வாங்கிய டீசல் ஜீப்

நான் பார்த்த மனிதர்களிலேயே யாரையும் எதையும் நம்பாதவர் எங்கள் கொலைக்காரிதான். பதற வேண்டாம். பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் வாழைக்குலையைப் பேச்சுவழக்கில் ‘கொலை’ என்பார்கள். தோட்டத்தில் குலை வெட்டிச் சந்தையில் விற்கிறவர் என்பதால் அவர் கொலைக்காரி. உண்மைப் பெயர் தபால்காரருக்கே மறந்துபோயிருந்தது. போலீஸ்காரர்கள்கூட, “கொலைக்காரியக்கா, சொகந்தானே?” என்று விசாரித்துவிட்டுப் போவார்கள்.

தொண்ணூறுகளில் நெய்யாற்றின்கரையில் அரசாங்கக் குமாஸ்தா வேலை கிடைத்து, பெருங்கடவிளையில் அவர் வீட்டு முன்னறைக்கு வாடகை பேசப் போனேன். முதல் கேள்வியே என்னைத் திணறடித்தது.

“சொந்த ஊரு நல்லாத்தானே இருக்கு? பின்ன சாரு என்னத்துக்கு இங்க வந்தது?”

“வேலைக்கு அக்கா.”

“அங்க வேல இல்லியா? இல்ல, அங்க இருக்க முடியாம ஓடி வந்ததா?”

அறை கிடைத்தது. ஆனால் நான் குற்றவாளி இல்லை என்பதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் கூடவே வந்தது.

திருவனந்தபுரம் ரேடியோவில் மலையாளத்தில் கேட்ட செய்தியைத் திருநெல்வேலி ரேடியோ தமிழில் சொன்னால்தான் அவர் காதில் ஏறும். இரண்டும் அச்சுப் பிசகாமல் ஒன்றையே சொல்லிவிட்டால், “ரெண்டு பேரும் பேசி வச்சிருக்கானுவ” என்று அணைத்துவிடுவார். ஒருமுறை காய்ச்சலுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரிடம், “முதல்ல நீரு ஒண்ணு முழுங்கும், பாப்போம்” என்றார். அந்த நல்ல மனிதர் விழுங்கினார். அதன் பிறகு, “இவ்வளவு லேசா முழுங்கினாருண்ணா அது வெறும் மாவாக்கும்” என்று இவர் விழுங்கவில்லை.

இப்படிப்பட்டவருக்கு ஒரு வண்டி வாங்கவேண்டிய நிலைமை வந்தது.

அம்பூரியில் ஆற்றோரப் பள்ளத்தில் ஒரு தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து ஏத்தன்வாழை, அதாவது நேந்திரம், போட்டிருந்தார். வழக்கமாக ஒரு லாரிக்காரர்தான் குலைகளைத் திருவனந்தபுரத்தில் ‘சாலை’ என்கிற பெரிய சந்தைக்குக் கொண்டுபோவார். வழியில் அவர் பழத்தைப் பிய்த்துத் தின்றுவிடுவார் என்று சந்தேகப்பட்டு, அக்கா ஒவ்வொரு குலைக்கும் சுண்ணாம்பில் அடையாளம் வைத்தார். அந்த லாரிக்காரருக்குச் சர்க்கரை வியாதி. பழத்தைத் தொடவே மாட்டார். அவமானம் தாங்காமல், ஓணம் நெருங்குகிற நேரம் பார்த்து, “இனி உங்க கொலைய ஏத்த மாட்டேன்” என்று போய்விட்டார். மற்ற லாரிக்காரர்களும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். ஓணத்துக்கு முன்னால் சந்தைக்குப் போகாவிட்டால் அந்த வருடத்துப் பாடு முழுவதும் பழுத்து அழுகிப்போகும்.

“சொந்தமா ஒரு ஜீப்பு. பின்னால ஒரு டிரெய்லரு. ஒருத்தன் கிட்டயும் போக வேண்டாம்,” என்றார் அக்கா.

டிரெய்லரை ஒரு பட்டறையில் செய்யக் கொடுத்தார். வெல்டிங்காரர் கண்ணுக்கு வைத்துக்கொள்ளக் கறுப்புக் கண்ணாடி நீட்டினார். “கறுப்புக் கண்ணாடியத் தந்து எதையோ மறைக்கப் பாக்கியான்” என்று அதைத் தள்ளிவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து வெறுங்கண்ணால் பார்த்தார். மறுநாள் இரண்டு கண்ணும் நெல்லிக்காய்போல வீங்கிவிட்டன. ஈரத்துணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேதான் ஜீப் பார்க்கப் புறப்பட்டார். லைசென்ஸ் வைத்திருந்த ஒரே குற்றத்துக்காக என்னையும் சாட்சியாகக் கூட்டிப்போனார்.

விற்க வந்தவர்கள் இரண்டு பேர். நெய்யாற்றின்கரைக்காரர் ஒருவரிடம் பெட்ரோல் ஜீப். களியக்காவிளைக்காரர் ஒருவரிடம் டீசல் ஜீப். இரண்டும் பின்பக்கம் திறந்த, சுமை ஏற்றுகிற வண்டிகள்தான்.

“சேச்சீ, சாவி திருகினால் ஒற்ற அடிக்கு ஸ்டார்ட்டாகும். டீசல் வண்டி வெளுப்பினு கரையும்!” என்றார் பெட்ரோல்காரர். சேச்சி என்றால் அக்கா; டீசல் வண்டி விடியற்காலையில் அழும் என்கிறார்.

“அழட்டும். பாரம் இழுக்க டீசலுதான் அக்கோ. பெட்ரோலு ஆளுவள ஏத்திட்டுக் கல்யாணத்துக்குப் போவத்தான் கொள்ளாம்,” என்றார் டீசல்காரர்.

அக்கா இரண்டு பேரையும் வீங்கிய கண்ணால் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னை ஓரமாக இழுத்துப்போனார்.

“பாத்தீயளா சாரே? ஒருத்தன ஒருத்தன் குத்தஞ்சொல்லுதான். அப்ப ரெண்டு பேரும் கூட்டாக்கும்.”

“சண்டை போடுகிறார்களே அக்கா?”

“நம்மள நம்ப வைக்கத்தானே சண்ட!”

அவருக்கு ஒரு யோசனை உதித்தது. அதைக் கேட்டு நான்கூட ஒரு கணம் அசந்துபோனேன். வண்டியின் சொந்தக்காரன் ஓட்டினால் நல்லபடியாகத்தான் ஓட்டிக் காட்டுவான். ஆகவே பெட்ரோல் ஜீப்பை டீசல்காரர் ஓட்ட வேண்டும். டீசல் ஜீப்பைப் பெட்ரோல்காரர் ஓட்ட வேண்டும். அப்போது குறை ஒன்றும் ஒளியாது.

அம்பூரிப் பள்ளத்தில் குலைகள் ஏற்கெனவே வெட்டி டிரெய்லர் நிறைய அடுக்கப்பட்டிருந்தன. வானம் மூடிக்கொண்டு வந்தது. தோட்டத்திலிருந்து மேலே ரோட்டுக்கு ஏறுகிற பாதை சுவர்போல நிற்கும். டிரெய்லரை முதலில் பெட்ரோல் ஜீப்பில் கோத்தார்கள். கொக்கியை நம்பாமல் அக்கா குலைகளின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். கொக்கி விட்டுப்போனால் சக்கரத்தில் அடை கொடுப்பதற்காக மடியில் ஒரு பெரிய கல்.

டீசல்காரர் பெட்ரோல் ஜீப்பை ஓட்டிய அழகை என்னென்று சொல்ல! பாதி ஏற்றத்தில் வேண்டுமென்றே கிளட்சை விட்டார். வண்டி ஒரு குதி குதித்துச் செத்தது. இறங்கி வந்து, முகத்தில் சிரிப்பு வழிய, “கண்டியளா அக்கோ, இழுவை இல்ல” என்றார். டிரெய்லரைக் கீழே இறக்கி டீசல் ஜீப்பில் மாற்றிக் கோத்ததும், பெட்ரோல்காரர் கோபத்தோடு அதில் தாவி ஏறினார். அதே இடத்தில், அதைவிட ஆசையாக, அதையும் சாகடித்தார். டிரெய்லர் பின்னோக்கி உருளத் தொடங்க, அக்கா மேலிருந்தபடியே கல்லைச் சக்கரத்துக்குப் பின்னால் போட்டார். நல்லவேளை, குறி தப்பவில்லை.

இருவரும் பாதை நடுவில் நின்று, ஒருவர் மலையாளத்திலும் ஒருவர் தமிழிலும் திட்டிக்கொண்டார்கள். அக்கா குலைமேல் உட்கார்ந்து முகத்தைத் துடைத்தார். மழை பிடித்துவிட்டால் இன்று அந்தப் பள்ளத்தை விட்டு எதுவும் ஏறாது. முதன்முதலாக அவர் முகத்தில் சந்தேகம் இல்லாமல் வெறும் பயம் மட்டும் தெரிந்தது.

“சாரே, நீங்க ஓட்டுங்க.”

“நானா? எனக்கு மலையில் ஓட்டிப் பழக்கமில்லை அக்கா!”

“அதுதான் நல்லது. நடிக்கத் தெரியாது. பின்ன, சாரு சர்க்காரு சம்பளக்காரன். வண்டிய உருட்டினா பென்ஷன் போவுமில்லியா?”

டிரெய்லரை மறுபடி கீழே இறக்கிக் கோத்து, முதலில் பெட்ரோல் ஜீப்பை எடுத்தேன். சிங்கம்போல உறுமி, வேகமாகக் கிளம்பி, பாரம் கனத்ததும் சக்கரம் வெறுமனே சுற்றி மண்ணை வாரி இறைத்தது. மேலே போகவில்லை. பிறகு மாற்றிக் கோத்து டீசல் ஜீப். அது அவசரமே படவில்லை. கறுப்பாகப் புகை விட்டு, முக்கி முனகி, எருமை நடக்கிற மாதிரி நடந்து ரோட்டில் ஏறி நின்றது. இழுவை என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் என் கால்பாதத்தில் தெரிந்தது.

“அக்கா, டீசல்தான்!” என்று கத்தினேன்.

அவர் இறங்கி வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். “டீசல்காரன் சாருக்குச் சாயா வாங்கித் தந்ததா?”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் அவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. டீசல் டாங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

“நம்ம ஊர்ல எவ்வளவு ஸ்கூட்டரு, எவ்வளவு பைக்கு உண்டு! எல்லாம் பெட்ரோலாக்கும். ஒரு டியூபப் போட்டு உறிஞ்சினா தீந்தது. டீசலக் களவெடுத்து அவன் என்ன செய்வான்? குடிப்பானா? இதுதான் வேணும்.”

பெருங்கடவிளையில் அவர் வீட்டில் ஸ்கூட்டர் நிறுத்தியிருந்தவன் நான் ஒருவன்தான். என்னைப் பார்த்துக்கொண்டேதான் இதைச் சொன்னார்.

சாலைச் சந்தைவரை இழுத்துப் பார்த்த பிறகுதான் வியாபாரம் முடியும் என்று அக்கா கட்டளையிட்டார். வண்டியில் டீசல்காரருக்கு இடமில்லை. கூட வந்தால் வழியில் ஏதாவது வித்தை காட்டுவாராம். “நீ பஸ்ஸில வா.”

“அப்ப வண்டியக் கொண்டு அப்படியே போயிருவியளோ?” என்றார் அவர்.

“இப்பத்தான் எலே, நீ மனுசன மாதிரி பேசுத!” என்று அக்கா மனமாரப் பாராட்டினார்.

கொக்கியை மறுபடி ஆட்டிப் பார்த்துவிட்டு, இந்த முறை டிரெய்லரில் ஏறாமல் முன்னால் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வெள்ளறடை வரை என் காலையும் பிரேக்கையும் பார்த்துக்கொண்டே வந்தார். நெய்யாற்றின்கரை தாண்டியதும் மழை பெய்தது. குலைகள் நனையாமல் மேலே கட்டியிருந்த தார்ப்பாய் படபடத்தது. பெரிய ரோட்டில் வண்டி ஒரே சீராகக் கடகடத்துப் போனது.

“மெள்ள போ மக்கா,” என்றார். அதுவரை ‘சாரே’தான்.

பாலராமபுரம் வருவதற்குள் என் இடது தோளில் ஏதோ கனத்தது. அக்கா தூங்கிவிட்டார். வீங்கிய கண்கள் மூடியிருந்தன. வாய் குழந்தைபோல லேசாகத் திறந்திருந்தது. தோள் அசையுமே என்று கியரை மாற்றாமல் அதே வேகத்தில் ஊர்ந்தேன். பின்னால் வந்த பஸ்கள் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்து, என்னைத் தாண்டிப் போயின. ஒரு பஸ்ஸின் ஜன்னலில் டீசல்காரர் தலையை நீட்டி, என்ன ஆயிற்று என்று கத்த வாயெடுத்தார்.

உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். அக்கா தூங்கட்டும்.